கணவர் கையொப்பம்

ஜனவரி 8, திங்கள்

காலை ட்ரிப் 6.50க்கு எடுத்தது. கடைசிப் பிள்ளையைப் பள்ளியில் இறக்கும்போது 8.35. வண்டியில் வைப்பர் வேலை செய்யவில்லை, ஷெட்டில் சொல்லியிருக்கிறேன். மகிழ் இன்றும் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டாள். டிரைவர் மகள் என்பதற்காக இடம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சுகந்தி ஒரு படிவம் கொடுத்தாள். ஆறு பக்கம். தில்லை நகரில் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு எதிரே இருக்கிற குழந்தைப்பேறு மருத்துவமனையில் கொடுத்தது. கருமுட்டை தானம் செய்யப்போகிறாளாம். கடைசிப் பக்கத்தில் ‘கணவர் கையொப்பம்’ என்று கோடு போட்டு இடம் விட்டிருக்கிறது.

“யாருக்கு?” என்றேன்.

“யாருன்னு சொல்ல மாட்டாங்க. முட்டை வளராத பொம்பளைங்க யாருக்காவது.”

பார்க்கிறேன் என்று சொல்லிப் படிவத்தை அலமாரியில் வைத்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

டீசல் போட்டது. பின் டயர் இரண்டுக்கும் காற்று. கையெழுத்துப் போடவில்லை, நேரமில்லை.

ஜனவரி 11, வியாழன்

சுகந்தி மறுபடி கேட்டாள். நியாயமான கேள்விகள் சிலவற்றை நானும் கேட்டேன்.

“நமக்கே இன்னொண்ணு வேணும்னு பேசியிருக்கோம். இருக்கறதத் தூக்கிக் குடுத்துட்டா?”

“இது உண்டியல் இல்லீங்க, எடுத்தா கொறையறதுக்கு. மாசாமாசம் ஒரு கூட்டம் வளர ஆரம்பிக்கும். அதுல ஒண்ணு முழுசா வளரும், மிச்சம் தானா சுருங்கிப் போயிடும். அப்படிப் போற கூட்டத்தத்தான் ஊசி போட்டு வளர வச்சு எடுக்கறாங்க. அடுத்த மாசக் கூட்டம் அடுத்த மாசம் வரும்.”

பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் உயிரியல் படிக்கவில்லை. அவள் பி.பார்ம் படித்தவள். அதனால் அவள் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. பொங்கல் முடியட்டும் என்றேன்.

ஜனவரி 12, வெள்ளி

நாளை முதல் பள்ளிக்குப் பொங்கல் விடுமுறை. மதியம் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்து ஆயா ஜெயமேரி அக்காவிடம் விசாரித்தேன். எங்கள் வீட்டு விஷயம் என்று சொல்லவில்லை, தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்பதாகச் சொன்னேன்.

“அய்யோ, அது காசுக்காகப் பண்றதுப்பா. வயித்தக் கிழிச்சு எடுப்பாங்க. அப்புறம் அந்தப் பொம்பளைக்கு முப்பது வயசுலயே எல்லாம் நின்னுடும். நாளைக்கு அந்தப் பிள்ள வளந்து வந்து ‘நீதான் எங்கம்மா’ன்னு வாசல்ல நிக்கும். சொத்துல பங்கு கேக்கும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் பண்ணியிருக்காங்களா?”

“இல்ல. ஆனா எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

வீட்டில் சுகந்தியிடம் இதையெல்லாம் என் யோசனையாகவே சொன்னேன். சட்டப்படி காசு வாங்கக் கூடாதாம், செலவும் இன்சூரன்ஸும் மட்டும் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். மிச்சத்தை டாக்டரிடமே வந்து கேளுங்கள் என்றாள். எனக்கு டாக்டரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். புதுக்கோட்டையில் காஞ்சனா அக்கா வீட்டுக்குப் போய் வந்தோம். அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள். மாமா பிளக்ஸ் போர்டு அடிக்கும் கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை.

அக்கா பருப்பு உருண்டைக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது, அக்காவாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து, சுகந்தி பெயரை எடுக்காமல் பொதுவாகச் சொன்னேன்.

“இவ கடைக்கு எதிர்ல ஒரு ஆஸ்பத்திரி இருக்குல்லக்கா, அங்க என்னென்னமோ நடக்குது. ஒருத்தி முட்டையை எடுத்து இன்னொருத்திக்கு வைக்கிறாங்களாம். அடுத்தவ முட்டைல பொறக்கறது எப்படிக்கா நம்ம பிள்ளையாகும்? வாடகைக்கு வீட்ல ஆள் குடி வச்ச மாதிரிதான?”

சுகந்தி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

“ரசம் ஊத்தட்டுமா?” என்றாள் அக்கா.

மாமா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார். அவருக்குப் பசி இல்லை போலிருக்கிறது. அக்கா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கும் இதில் அபிப்பிராயம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் சுகந்தி மகிழை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள்.

ஜனவரி 18, வியாழன்

பள்ளி திறந்தது. சுகந்தி தேவைக்கு மட்டும் பேசுகிறாள். “டிபன் பாக்ஸ்”, “கேஸ் வந்துச்சு”, “மகிழுக்கு நகம் வெட்டணும்.” இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

ஜனவரி 23, செவ்வாய்

இரண்டு ட்ரிப்புக்கும் நடுவே நேரம் இருந்ததால் சுகந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஷகிலா, ஐம்பது வயது இருக்கும், அவசரப்படாமல் பேசுகிறார்.

வயிற்றைக் கிழிப்பீர்களா என்று கேட்டேன். இல்லையாம். மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே, உள்வழியாக ஊசியால் உறிஞ்சி எடுப்பார்களாம். இருபது நிமிடம், தையல் கிடையாது. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கச் சட்டம் விடாது. ஒருத்தி வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம்.

“நாளைக்கு என் மக பெரியவளாகி, தெரியாம அந்தப் பிள்ளையவே கட்டிக்கிட்டா?”

“ஒருத்தரோட முட்டை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் போகும். ஊரெல்லாம் பத்துப் பிள்ளைங்க இருக்காது. நீங்க பயப்படற மாதிரி நடக்கறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி.”

“பிள்ள யாருது?”

“பெத்துக்கறவங்களுது. இவங்களுக்கு உரிமையும் இல்ல, பொறுப்பும் இல்ல. கையெழுத்துப் போடறதே அதுக்குத்தான்.”

வேறு கேள்வி இல்லை என்று எழுந்தேன். டாக்டர் உட்காரச் சொன்னார்.

“கேக்க வந்தத நீங்க இன்னும் கேக்கலியே சார். நானே சொல்லிடறேன். வேற எந்த ஆம்பளையும் உங்க வீட்டம்மாவைப் பார்க்கப் போறதும் இல்ல, தொடப் போறதும் இல்ல. முட்டையும் விந்தணுவும் சேர்றது லேப்ல, ஒரு சின்னத் தட்டுல. அவரு யாருன்னு இவங்களுக்குத் தெரியாது. இவங்க யாருன்னு அவருக்கும் தெரியாது.”

நான் அதைக் கேட்க வரவில்லை. இருந்தாலும் தெரிந்துகொண்டது நல்லதுதான்.

வெளியே வரும்போது, “தெரிஞ்சவங்களுக்காவது குடுத்தாப் புண்ணியம், முகம் தெரியாதவங்களுக்கு எதுக்கு?” என்றேன். சுகந்தி படியில் நின்றாள்.

“தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கத்தான் மொதல்ல வந்தேன். நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கு. அப்படிக் குறிச்சுக் குடுக்க முடியாது, கருமுட்டை வங்கி மூலமாத்தான் போகணும், ரெண்டு பக்கமும் தெரியக் கூடாதுன்னுட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு இன்னும் இதப் பிடிச்சுட்டு நிக்கற?”

“சரி வீட்டுக்குப் போகலாம்னு எந்திரிச்சு வெளிய வந்தேன். இந்த பெஞ்சுல ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. நம்ம கடைல ரெண்டு வருஷமா பிள்ளைக்காக ஊசி வாங்கற பொண்ணு. ஒவ்வொரு தடவையும் ஐஸ் பை நிறைய ஐஸ் போட்டுக் குடுக்கச் சொல்லுவா. பார்த்துட்டுத் திரும்பி உள்ள போயிட்டேன்.”

எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் குழந்தை இல்லாதவள் ஒருத்திதான்.

மதிய ட்ரிப்பில் வயலூர் ரோடு ஸ்டாப்பிங்கில் நிறுத்த மறந்துவிட்டேன். ஜெயமேரி அக்கா கத்தியதும் ரிவர்ஸ் எடுத்தேன்.

ஜனவரி 24, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு பத்தரைக்கெல்லாம் வீடு. சீலிங் ஃபேன் துடைத்தேன்.

மகிழுக்குப் பெயர் வைத்த நாள் ஞாபகம் வந்தது. எங்களில் அத்தைதான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்ல வேண்டும். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். அம்மா, “அவ வேணாம், அவளுக்கே ஒண்ணும் இல்ல” என்று சித்தப்பா மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி அவளைக் கேட்க முடியாது. நான் அப்போது வெளியே பந்தல்காரனிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால் தடுத்திருப்பேன்.

சுகந்தியிடம் இதைச் சொன்னேன். ஐந்தாறு வருடமாக யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லி வருகிறேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பந்தலே போடலியேங்க. வீட்டுக்குள்ளதான நடந்துச்சு. நீங்க தொட்டில் கயித்தப் பிடிச்சுட்டு நின்னீங்க.”

ஜனவரி 28, ஞாயிறு

தனியாகப் புதுக்கோட்டை போனேன். மாமா கடையில் இருந்தார். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னடா தனபாலு, சொல்லாமக் கொள்ளாம?”

“சும்மாதான். அன்னிக்கு சாப்பிடறப்ப ஒண்ணு பேசினேன்…”

“என்ன பேசின?”

ஞாபகம் இல்லாதவள் மாதிரி கேட்டாள். என்னையே மறுபடி சொல்ல வைத்தாள். பாதியில் நிறுத்திவிட்டேன்.

“எனக்கு முப்பத்திரண்டு வயசுலயே முட்டை வளர்றது நின்னு போச்சு,” என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆறு வருஷமாச்சு.”

“எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“நீ எப்பக் கேட்ட?”

கீரையை நானும் கொஞ்சம் எடுத்து ஆய்ந்தேன்.

“சுகந்தி கேட்டா. போன வருஷம் ஆடிக்கு வந்தப்ப, கிணத்தடில வச்சு நேராவே கேட்டா. அப்புறம் நானே குடுக்கறேன்னு வந்து நின்னா. அது நடக்காதுன்னுட்டாங்க. இப்ப வங்கி மூலமா யாரோ ஒரு பொண்ணுது கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் கடைசில எனக்கு வைக்கறாங்க.”

“அக்கா, நான் தெரியாம…”

“நீ சொன்னது எனக்கு ஒண்ணும் புதுசு இல்லடா. அடுத்தவ பிள்ள எனக்கு எதுக்குன்னு ரெண்டு வருஷம் நானேதான் சொல்லிட்டுக் கிடந்தேன். உங்க மாமா எத்தனை தடவ கெஞ்சினாரு. அப்புறம் ஒரு நாள் யோசிச்சேன். என் வயித்துல இருக்கப் போவுது. நான் திங்கறதுலதான் வளரப் போவுது. அது உதைச்சா எனக்குத்தான் வலிக்கும். நான்தான் பெக்கணும், நான்தான் பால் குடுக்கணும். இதுக்கப்புறமும் அது யாரு பிள்ளைன்னு ஊரைக் கேட்டா முடிவு பண்ணணும்?” கீரைக் காம்புகளை முறத்தில் தட்டினாள். “பொறந்தா, விவரம் தெரியற வயசுல அதுகிட்ட நாங்களே சொல்லிடுவோம். வேற யாரும் சொல்லி அது தெரிஞ்சுக்கக் கூடாது.”

கிளம்பும்போது கீரையில் பாதியைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஜனவரி 31, புதன்

காலையில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் புரிந்து, மனம் தெளிந்து போட்டேன் என்று சொல்ல மாட்டேன். சுகந்தி ஜாடையில் ஒரு பிள்ளை எங்கேயோ நடந்து போகும் என்ற நினைப்பு இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. பேனாவை மூடிவிட்டு வண்டி எடுக்கப் போனேன்.

வைப்பர் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 6, செவ்வாய்

முதல் ஊசி. தொப்புளுக்குக் கீழே தானே போட்டுக்கொள்கிறாள். நான் பக்கத்தில் பஞ்சோடு நின்றேன். “நீங்க ஏன் கண்ண மூடறீங்க?” என்றாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஊசி. ஸ்கேன். மகிழ் கேட்டாள், அம்மாவுக்குக் காய்ச்சலா என்று. இல்லை, ஒரு ஆன்ட்டிக்கு உதவி செய்கிறாள் என்று சுகந்தி சொன்னாள். மகிழ், “சரி, ஊசி வலிக்குதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பிப்ரவரி 15, வியாழன்

கடைசி ஊசி சரியாக இரவு ஒன்பது மணிக்குப் போட வேண்டும், ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆகக் கூடாது என்றார்கள். பள்ளி மணியடிக்கிற நேரத்துக்கே பழகியவன் நான். இரண்டு போனில் அலாரம் வைத்தேன். 9.00க்குப் போட்டாயிற்று.

பிப்ரவரி 17, சனி

ஆஸ்பத்திரி. காலை 9.10க்கு உள்ளே அழைத்துப் போனார்கள், 9.35க்கு வெளியே கொண்டுவந்தார்கள். நான் காபி வாங்கிக் குடிக்காமலே ஆறவிட்டேன். ஏழு முட்டை எடுத்ததாக நர்ஸ் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் சுகந்தி கேட்ட முதல் கேள்வி, மகிழ் சாப்பிட்டாளா என்பது.

மதியம் வீட்டுக்கு வந்துவிட்டோம். தோசை சுட்டேன். முதல் இரண்டும் பிய்ந்துபோயின.

பிப்ரவரி 19, திங்கள்

காலை ட்ரிப் முடித்து வந்தால் சுகந்தி சுருண்டு படுத்திருக்கிறாள். வயிறு உப்பி, பாவாடை நாடா கட்ட முடியவில்லை. இரண்டு தடவை வாந்தி. ஆட்டோ பிடித்து ஓடினேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன் என்று நினைக்கிறேன். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, ஊசிக்குச் சினைப்பை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, லேசானதுதான், நிறைய நீராகாரமும் முட்டை, பருப்பும் கொடுங்கள், எடையைத் தினமும் பாருங்கள், மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே வாருங்கள் என்றார்.

“ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்கள்ல?” என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

டாக்டர் பதில் சொல்வதற்குள் சுகந்தி படுத்தபடியே சொன்னாள்: “யாரு சொன்னா? மூணாம் பக்கத்துல இருக்கு. சில பேருக்கு இப்படி ஆகும், ரொம்ப அபூர்வமா பெருசாவும் ஆகும்னு போட்டிருக்கு. நான் படிச்சுட்டுத்தான் சரின்னேன். நீங்க கடைசிப் பக்கம் மட்டும்தான் பார்த்தீங்க.”

மதிய ட்ரிப்புக்கு வேறு டிரைவரை அனுப்பச் சொல்லிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் முதல் லீவு.

பிப்ரவரி 20, செவ்வாய்

54.8 கிலோ. மோர், இளநீர், இரண்டு முட்டை. படிவத்தின் நகலை எடுத்து ஆறு பக்கமும் படித்தேன்.

பிப்ரவரி 24, சனி

52.9. வீக்கம் வடிந்துவிட்டது. சுகந்தி தானே எழுந்து துணி துவைத்தாள். நான்தான் காயப்போட்டேன்.

மார்ச் 2, சனி

சுகந்திக்கு மாதவிலக்கு வழக்கம்போல வந்தது. ஜெயமேரி அக்கா சொன்னபடி எதுவும் நின்றுவிடவில்லை. அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு சொல்லவேண்டியிருந்தால் சொல்லலாம்.

மார்ச் 11, திங்கள்

அக்காவுக்குப் பரிசோதனை முடிவு வந்தது. போன மாதக் கடைசியில் வைத்த கரு தங்கவில்லை.

மாமாதான் சுகந்திக்குப் போன் செய்தார். என்னிடம் அவராகப் பேசவில்லை, நான்தான் வாங்கிப் பேசினேன். “பரவால்ல மாப்ள” என்று மூன்று தடவை சொன்னார்.

மார்ச் 17, ஞாயிறு

அக்காவை இங்கே கூட்டி வந்திருக்கிறேன். நண்பனின் காரை வாங்கிக்கொண்டு போனேன். கீரனூர் தாண்டியதும் அக்கா திடீரென்று வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பதினோரு வருடத்தில் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அழவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

“பெயர் வைக்கற அன்னிக்கு நான் உள்ளதான் நின்னேன்,” என்றேன்.

“தெரியும்டா. நான்தான் எதிர்ல நின்னேனே.”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்.”

“ஆமா,” என்றாள். முகத்தைத் துடைத்தாள். “எடு வண்டிய.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

அக்கா ஊருக்குப் போனாள். உறைய வைத்த கரு இன்னும் இரண்டு இருக்கிறதாம். ஏப்ரலில் மறுபடி வைப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் என்றேன். “வந்து என்ன பண்ணுவ?” என்றாள். காபி வாங்கித் தருவேன் என்றேன்.

ஏப்ரல் 18, வியாழன்

அக்காவுக்கு இரண்டாவது முறை வைத்தார்கள். பெஞ்சில் நானும் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். மாமா தன் கடையில் அடிக்கிற காதணி விழா போர்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். எல்லாப் போர்டிலும் தாய்மாமன் படம்தான் பெரிதாக வேண்டும் என்கிறார்களாம்.

மே 2, வியாழன்

தங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூடாது.

மே 16, வியாழன்

பள்ளி விடுமுறை. வண்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எஃப்.சி.க்குப் போயிருக்கிறது. காலையில் மகிழுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். ஸ்கேனில் இதயத்துடிப்பு கேட்டதாம். அக்கா போனை வாங்கி, “குதிரை ஓடற மாதிரி கேக்குதுடா” என்றாள். பிறகு, சுகந்தியிடம் கொடு என்றாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டு சுகந்தி சொன்னாள்: “அக்காவுக்குக் குடுத்த பொண்ணுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதுல்ல. எங்கயோ சமைச்சுட்டு இருப்பா.”

“உனக்கும்தான் தெரியாது, உன்னோடது யாருக்குப் போச்சுன்னு.”

“எனக்குத் தெரிய வேணாம்,” என்றாள். “நல்லா இருந்தாச் சரி.”

நான் அந்தப் பெண்ணைப் பற்றி நினைக்கவில்லை. அவள் புருஷனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வேலை பார்க்கிறவன். அவனிடமும் ஒருத்தி ஆறு பக்கப் படிவத்தைக் கொடுத்திருப்பாள். அவனும் அலமாரியில் வைத்துவிட்டு நேரமில்லை என்றிருப்பான். வேலை செய்கிற இடத்தில் யாரிடமோ விசாரித்திருப்பான், அவர்களும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள். பொங்கல் முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று இழுத்திருப்பான். பிறகு ஏதோ ஒரு காலையில், பாதி புரிந்தும் பாதி புரியாமலும், போட்டுவிட்டான்.

பேர் தெரிந்தால் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.